சக்கரத்தின் பளபளப்பு

சைக்கிள் சக்கரம் நெளிந்துவிட்டால், கடைக்காரர் பழைய நடுக்குடத்தில் புதுக் கம்பிகளைப் பின்னி, வேறு ரிம் கட்டித் தருகிறார். "எந்த ரிம் போடட்டும்?" என்று அவர் கேட்கும்போது, நம் பிள்ளைகள் அதிகம் மின்னுவதையே கைகாட்டுவார்கள். ஆனால், பல சைக்கிள்களில் பிரேக் கட்டை பிடிப்பது ரிம்மைத்தான். ஆகவே இது அழகைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. உயிரைப் பற்றிய கேள்வியுமாகும்.

கண்ணாடிபோல் மின்னுவது குரோமியம் பூசிய இரும்பு ரிம். விலை குறைவு; உறுதியும் உண்டு. ஆனால் அந்தப் பூச்சு மிக மெல்லியது. கல் பட்டுக் கீறினால் ஈரம் உள்ளே புகுந்து துரு பிடிக்கும். அதைவிடப் பெரிய குறை மழையில் தெரியும். வழவழப்பான குரோமியம் நனைந்தால் சாதாரண ரப்பர்க் கட்டை வழுக்கும்; சைக்கிள் நிற்கப் பல மடங்கு தூரம் ஓடும். ரந்தாவில் மாலை மழையில் தோட்டத்துச் சரிவில் இறங்கும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள்.

வண்ணம் பூசிய ரிம்மில், கட்டை உரசும் இடத்தில் வண்ணம் விரைவில் தேய்ந்துபோகும். பின்மிதிப் பிரேக்கோ வட்டுப் பிரேக்கோ உள்ள சைக்கிளுக்கு அது பொருந்தும்.

மூன்றாவது, அலுமினிய ரிம். இது நனைந்தாலும் இரும்பைவிட நன்றாகப் பிடிக்கும். மின்சாரத்தைக் கொண்டு இதன் மேற்பரப்பையே கடினமான படலமாக மாற்றுவதும் உண்டு. 1923ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், கடல் விமான உறுப்புகளை உப்புநீர் அரிக்காதிருக்க இம்முறையைக் கையாண்டார்கள். போர்ட்டிக்சன் கடற்காற்றுக்கும் இது தாங்கும். கறுப்புச் சாயமேற்றிய ரிம்மில் கட்டை உரசும் இடம் வெளுத்துவிடும், அதனால் ஆபத்தில்லை. பக்கங்களைக் கடைந்து வெறுமையாக விட்ட ரிம் கிடைத்தால் மிக நல்லது.

மேற்பூச்சை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 1934ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுச் சைக்கிள் பந்தயத்தில் வென்ற அந்தோனின் மாஞ், அப்போது அனுமதியில்லாத அலுமினியக் கலவை ரிம்மை, மரம்போல் வண்ணம் பூசி மறைத்து ஓட்டினார் என்பார்கள். நாம் கடைக்கு ஒரு சிறு காந்தத்தைக் கொண்டு செல்வோம். ஒட்டிக்கொண்டால் இரும்பு, ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம்.

இனிப் பராமரிப்பு. பளபளப்புக்காக ரிம்மில் தேங்காயெண்ணெய் தடவாதீர்கள்; பிரேக் பிடிக்காது. அலுமினியத்தைப் புளியோ சாம்பலோ கொண்டு தேய்க்காதீர்கள். ரப்பர்ப் பாலை உறையவைக்கும் அமிலம் தெறித்தால் உடனே நீரூற்றிக் கழுவுங்கள். செம்மண் சேற்றை ஈரத் துணியால் துடைத்தாலே போதும். சேற்று மணல் கட்டையில் ஒட்டிக்கொண்டு ரிம்மை அரம்போல் அறுக்கும். பக்கச் சுவர் குழிந்து மெலிந்துவிட்டால் ரிம்மை மாற்றிவிடுங்கள்.

இரும்பு ரிம்தான் நம் கைக்கு எட்டுகிறதா? வருந்த வேண்டாம். மழையில் மெதுவாகச் செல்லவும், சரிவு வருமுன்பே பிரேக்கை இலேசாக அழுத்தி நீரைத் துடைக்கவும் பிள்ளைகளுக்குப் பழக்குவோம். சில வெள்ளி மிஞ்சும் நாளில், மின்னுகிற சக்கரத்தைவிட நிற்கிற சக்கரத்தை வாங்கித் தருவோம்.