இரத்தத்தில் நிற்கும் மருந்து

ஒரே எடையுள்ள இரு நோயாளிகளுக்கு வான்கோமைசின் என்னும் ஆன்டிபயாடிக் மருந்தை ஒரே அளவில் ஏற்றினாலும், இருவர் இரத்தத்திலும் அது ஒரே அளவில் நிற்பதில்லை. அம்மருந்து பெரும்பாலும் சிறுநீரகங்கள் வழியே வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்தவரிடம் தேங்கி அச்சிறுநீரகத்துக்கே மேலும் கேடு செய்கிறது. கடும் தொற்றுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் இளவயதினர் சிலரிடமோ, சிறுநீரகங்கள் வழக்கத்தைவிட விரைந்து வடிகட்டுவதால், அடுத்த தவணைக்கு முன்பே பெரிதும் குறைந்துவிடுகிறது. மெதிசிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சுருக்கமாக எம்.ஆர்.எஸ்.ஏ., இரத்தத்திலோ இதய வால்விலோ குடியேறிவிட்டால், மாற்று மருந்துகள் சிலவே என்பதால், இவ்விரு கேட்டையும் தவிர்க்க இரத்தத்தில் மருந்தின் அளவைக் கணித்தறிவது தேவையாகிறது.

அடுத்த தவணைக்குச் சற்று முன், மருந்து மிகக் குறைந்திருக்கும் வேளையில் காணப்படும் அளவை மருத்துவர்கள் ‘ட்ரஃப்’ என்பர். கடுமையான எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்றில் இது லிட்டருக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும் என அமெரிக்க மருத்துவச் சங்கங்களின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறியது. பாக்டீரியாவை அடக்குவது ஒரு கண நேர அளவன்று, நாள் முழுவதும் அதன்மேல் படும் மருந்தின் மொத்தமே என்பது அப்போதே அறியப்பட்டிருந்தும், அம்மொத்தத்தைக் கணிப்பது கடினம் என்பதால் ட்ரஃப் அதற்குப் பதிலாளாக வைக்கப்பட்டது. பதிலாள் சற்றே ஏமாற்றியது என்றே சொல்ல வேண்டும். ஒருவரின் ட்ரஃப் 18 எனக் கொண்டால், நாளின் மிகக் குறைந்த அளவே 18 என்பதால், அதை 24 மணி நேரத்தால் பெருக்கக் கிடைக்கும் 432 வெறும் அடித்தளமாகிறது. ஒவ்வொரு தவணைக்குப் பின்னும் எழும் உயர்வு அதன்மேல் சேர, மொத்தம் 600-ஐத் தாண்டிச் சிறுநீரகம் பாதிக்கப்படும் வாய்ப்பு மிகுகிறது. ஆகவே 2020-இல் திருத்தப்பட்ட வழிகாட்டுதல் ட்ரஃப் இலக்கைக் கைவிட்டு, அம்மொத்தத்தையே, அதாவது அளவு–நேர வரைகோட்டின் கீழ்ப்பரப்பையே, 400-க்கும் 600-க்கும் இடையில் வைக்குமாறு கூறியது.

இவ்வெண்கள், பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கப் போதுமான மிகக் குறைந்த மருந்தளவு, அதாவது எம்.ஐ.சி., லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்னும் கணக்கில் அமைந்தவை. எம்.ஐ.சி. 2 ஆனால், கீழ் எல்லையை எட்டவே மொத்தம் 800 தேவைப்படும்; அதைச் சிறுநீரகம் தாங்குவது அரிது என்பதால் வேறு மருந்தை நாடுவதே அறிவுடைமை.

மொத்தத்தைக் கணிக்க இரு மாதிரிகள் எடுப்பது ஒரு முறை: மருந்து ஏற்றி முடிந்து ஓரிரு மணி நேரத்தில் ஒன்று, அடுத்த தவணைக்குச் சற்று முன் மற்றொன்று. ஆய்வகக் கருவி எவ்வளவு நுட்பமானதாயினும், மருந்து ஏற்றத் தொடங்கிய நேரமும் இரத்தம் எடுத்த நேரமும் நிமிடம் பிசகாமல் குறிக்கப்படாவிடில் அது தரும் எண் பயனற்றது. மருந்து ஏறிய அதே குழாயிலிருந்து இரத்தம் எடுத்தாலோ, உட்சுவரில் எஞ்சிய மருந்து கலந்து அளவு பொய்யாக உயர்ந்து தோன்ற, மருத்துவர் தவணையைக் குறைத்துவிடுவார். போதிய மருந்து கிட்டாத நோயாளியின் உடலில் பாக்டீரியா தொடர்ந்து பெருகும்.