மாட்டு வண்டி ஏறிய மலைப்பாதை



யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் துவிச்சக்கர வண்டியைக் காணாத ஊர் இல்லை. சந்தைக்கும் பள்ளிக்கும் வயலுக்கும் அதுவே வாகனம். அங்கே தரை சமமானது. சிறிது மிதித்தால் வண்டி தானே ஓடும். அந்த வண்டியை மலைநாட்டுக்குக் கொண்டு போகிறேன் என்று ஓர் இளைஞன் வீட்டிலே சொன்னால், "ஏறிப் போகவா, தள்ளிக்கொண்டு போகவா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். இரண்டுக்கும் இடையே வீதித் தூரம் ஏறக்குறைய 77 கிலோமீற்றர். கண்டியிலிருந்து கம்பளை வரையில் பெரிய ஏற்றம் இல்லை. ஆகவே, எஞ்சிய ஐம்பத்தைந்து கிலோமீற்றர் சொச்சத்தில் சுமார் 1,400 மீற்றர் ஏற வேண்டும். அதாவது, நூறு அடி முன்னே சென்றால் சராசரியாக இரண்டரை அடி மேலே செல்வோம். ஆனால் சராசரி என்பது பொல்லாத சொல். புசல்லாவைப் பகுதியில் வீதி ஏறியும் இறங்கியும் செல்லும்; அங்கே மிச்சம் பிடித்த கடனை இறம்பொடைக்கு அப்பால் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். அங்கிருந்து லபுக்கலைத் தேயிலை மலைகளினூடே வீதி கொண்டை ஊசி போல் வளைந்து வளைந்து ஏறுகிறது. மலையைக் கண்டு மலைப்பவர்கள் மலைக்கும் இடம் அதுதான்.

இருந்தும் அது ஏறக்கூடிய வழி. காரணம் என்ன? இந்த மலைநாட்டுக்கு முதன் முதலில் வீதி திறந்தவர்கள் மோட்டார் வாகனத்தை மனத்திற் கொண்டு திறக்கவில்லை. அப்படி ஒன்று அன்று உலகிலேயே இருக்கவில்லை. மலையிலே விளைந்த கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்குச் சுமந்தது மாட்டு வண்டி. பாரமேற்றிய மாடு செங்குத்தான பாதையில் ஏறாது, நின்றுவிடும். ஆதலால் தூரம் கூடினாலும் சாய்வு குறைய வேண்டும் என்று மலையைச் சுற்றிச் சுற்றி வழி வகுத்தார்கள். மாட்டின் மூச்சுக்கு அளந்த வழி மனிதனின் மூச்சுக்கும் பொருந்துகிறது. துவிச்சக்கர வண்டி மேட்டில் ஏறும் வேகமும் ஏறக்குறைய மாட்டு வண்டியின் வேகந்தான்.

தேசாதிபதி எட்வேட் பான்ஸ் காலத்தில், 1820ஆம் ஆண்டு முதல், கொழும்பு–கண்டி வீதி உருவாகத் தொடங்கியது. கடுகண்ணாவைக் கணவாயிலே பாறையைக் குடைந்த வழியை இன்றும் காணலாம். தாமஸ் ஸ்கின்னர் என்பவர் பதின்ம வயதிலே இராணுவ உத்தியோகத்தில் சேர்ந்து, 1867இல் ஓய்வு பெறும் வரை இலங்கையின் வீதி வேலைகளிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். அவர் ஓய்வு பெற்ற அதே 1867ஆம் ஆண்டிலேதான் புகையிரதம் கண்டியை அடைந்தது. லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதும் அதே ஆண்டில்தான். புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டியது. அந்தப் பாதையின் கடுமையான ஏற்றம் நாற்பத்து நான்குக்கு ஒன்று. இரும்பு இயந்திரமும் நூறு அடிக்கு இரண்டேகால் அடிக்கு மேல் ஏற ஒப்பவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பான்ஸ், ஸ்கின்னர் என்ற பெயர்கள் நூல்களிலே உள்ளன. பாறையை உடைத்தவர்களின் பெயர்கள் இல்லை. கண்டிச் சீமை என்ற பெயரைக் கேட்டு, தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த மக்கள் அவர்களுள் பெருந்தொகையினர். வழியிலே காய்ச்சலுக்கும் பசிக்கும் பலியானோர் பலர். தோட்டம் திறந்ததும், வீதி வெட்டியதும், தண்டவாளத்துக்கு மண் சுமந்ததும் அவர்கள் கைகளே. இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தார்கள். மலைவீதியில் மூச்சு வாங்க மிதிப்பவன், இந்த வழி யாருடைய மூச்சினால் ஆனது என்பதைத் தன் உடம்பினாலேயே அறிகிறான். மோட்டார் வண்டியில் அமர்ந்து செல்பவருக்கு இந்த அறிவு எளிதிற் கிட்டாது.

இனி, வழியைச் சொல்லுகிறேன். கம்பளையிலே தொடங்கிக் கம்பளையிலே முடியும் ஒரு சுற்று உண்டு. முதல் நாள் கம்பளையிலிருந்து புசல்லாவை கடந்து இறம்பொடை வரை செல்லலாம். இரண்டாம் நாள் காலையிலேயே புறப்பட்டு நுவரெலியாவுக்கு ஏற வேண்டும். அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாம் நாள் நானுஓயா, லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்கு இறக்கம். அதன் பின் சென் கிளெயர், டெவன் ஆகிய அருவிகளைப் பார்த்துக்கொண்டு கொட்டகலை வழியாக ஹட்டனுக்கு மீண்டும் ஏற்றம். 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தினால் சென் கிளெயர் அருவியின் நீர் குறைந்துவிட்டது என்பதையும் அறிந்து செல்லுங்கள். நான்காம் நாள் ஹட்டனிலிருந்து வட்டவளை, கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகக் கம்பளை. ஹட்டனில் ஒரு நாள் தங்கக்கூடியவர்கள் டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா வழியாகச் சிவனொளிபாதமலையின் அடிவாரத்துக்குப் போய் வரலாம். தலவாக்கலைப் பக்கத்து நீர் மகாவலியிற் சேருகிறது. டிக்கோயாப் பக்கத்து நீர் களனியிற் சேருகிறது. ஒரு மேட்டைக் கடந்தால் ஆறு மாறிவிடும்.

காலமறிந்து செல்வது அவசியம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டும். வட்டவளை இலங்கையின் மிக ஈரமான இடங்களுள் ஒன்று. ஆண்டு மழை ஐயாயிரம் மில்லிமீற்றரைத் தாண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை இச்சுற்றுக்கு உகந்த காலம். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டம் மிகுதி. வீதியில் வண்டிக்கு இடமிராது. எந்த மாதமாயினும் மாலையில் மூடுபனி இறங்கும். பிற்பகல் இரண்டு மணிக்குள் தங்குமிடத்தை அடைவது நல்லது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வாப் புயலினால் மலையகத்தில் பல இடங்களில் மண் சரிந்து உயிர்களும் வீடுகளும் பறிபோயின. ஆகவே, மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளதா என்று விசாரியாமல் புறப்படலாகாது.

ஏற்றம் உடம்பைச் சோதிக்கும். இறக்கம் அறிவைச் சோதிக்கும். மேட்டில் தோற்றவன் இறங்கித் தள்ளலாம். பள்ளத்தில் தோற்றவனுக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை. றதல்லைக் குறுக்கு வீதி நானுஓயாவுக்கு அருகே செங்குத்தாகச் சரிகிறது. 2023 ஜனவரியில் அங்கே நேர்ந்த விபத்தில் ஏழு பேர் உயிரிழந்தனர். 2025 மே மாதத்தில் கொத்மலை கரண்டியெல்லையில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தூரம் மிச்சம் என்று குறுக்கு வழியை நாடாதீர்கள். சுற்றிச் செல்லும் பழைய வழியே நம்முடையது. பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே இறங்கினால் சக்கர விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறையுங்கள், வளைவினுள்ளே அன்று. இரண்டு மூன்று கிலோமீற்றருக்கு ஒருமுறை நின்று விளிம்பை ஆறவிடுங்கள். பஸ்ஸின் ஒலி கேட்டால் இடப்பக்கம் ஒதுங்கி நிற்பதில் மானக்குறைவு ஒன்றுமில்லை.

அப்படி நிற்கும் இடங்களிலேதான் மலைநாடு கண்ணுக்குத் தெரியும். நிறைந்த கூடையோடு கொழுந்து நிறுக்கப் போகும் பெண்கள் உங்களைக் கடந்து ஏறுவார்கள். நீங்கள் நான்கு நாள் ஆசைக்காக ஏறும் சரிவை அவர்கள் நாள்தோறும் வயிற்றுப்பாட்டுக்காக ஏறுகிறார்கள். வீதியின் ஓரத்திலே வரிசையாக நிற்கும் லயன் அறைகளில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்கின்றன. பச்சைப் பசேலென்ற மலையைப் படம் பிடிப்பவர்கள் அந்தத் தகரக் கூரைகளைப் படத்திலிருந்து விலக்கிவிடுவது வழக்கம். நீங்கள் விலக்காதீர்கள். வணக்கம் சொல்லுங்கள், வழி கேளுங்கள். "அடுத்த மேடு எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், அவர்களைப் போல் சரியாகச் சொல்லக்கூடியவர் வேறு எவருமில்லை. அந்த வழியை நடந்து அளந்தவர்கள் அவர்களே.

தள்ளிக்கொண்டு போகவா என்று கேட்ட பெரியவர்களுக்கு இனி விடை கூறலாம். ஆம், சில இடங்களில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். மாட்டு வண்டிக்காரனும் மேட்டிலே இறங்கிச் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தவனே.