பூஜ்யத்தில் தொடங்கும் எண்



மொழிபெயர்ப்பாளனுக்கும் இயந்திரத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவக்கூடும். சுற்றறிக்கைகளையும் விதிகளையும் தமிழாக்குவது என் தொழில். கல்லூரியில் நான் பயின்றதோ வரலாறு. ஆயினும் 2017-ஆம் ஆண்டில், சர்வர் ஒன்றைத் திறந்து அதன் திறனைப் பெருக்குவதற்குரிய வழிகாட்டிக் குறிப்பு என் மேசைக்கு வந்தது. பொறியாளர் இல்லாத கிளை அலுவலகங்களில் ஊழியர்களே அதைப் படித்து வேலையை முடிக்கவேண்டும் என்பது மேலிடத்தின் எண்ணம்.

அந்தச் சர்வர், 2012-இல் வெளிவந்த டெல் பவர்எட்ஜ் ஆர்720 என்னும் வகையைச் சேர்ந்தது. 19 அங்குல அகலமுள்ள இரும்புச் சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவதற்கென்றே செய்யப்பட்டது. உயரம் மூன்றரை அங்குலந்தான். கண்ணால் காணாத பொருளைத் தமிழாக்கலாகாது என்று கருதி, தில்லியில் எங்கள் சர்வர் அறைக்குள் சென்று பொறியாளரின் அருகில் நின்றேன். குளிரோ எலும்பைத் துளைத்தது. விசிறிகளின் இரைச்சலில் பேச்சே கேட்கவில்லை.

அவர் முதலில் இயந்திரத்தை முறைப்படி நிறுத்தினார். இரண்டு மின்கம்பிகளையும் பிடுங்கினார். மேசை இழுப்பறையைப்போல் அதை முன்னே இழுத்து மூடியைத் திறந்தார். உடலில் தேங்கிய மின்சாரம் நுண்ணிய உறுப்புகளைக் கெடுத்துவிடும் என்பதால் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டார். உள்ளே இரண்டு செயலிகள். ஒவ்வொன்றுக்கும் 12 வீதம் 24 நினைவகச் செருகுவாய்கள். கடைக்காரர் 'ராம்' என்று விற்பதையே நாங்கள் 'நினைவகம்' என்று எழுதுகிறோம். செருகுவதற்கு முறை உண்டு. வெள்ளைப் பிடியுள்ள வாய்கள் முதலில், கறுப்பு அடுத்து, பச்சை கடைசியில். வேகம் வேறுபட்ட பலகைகளைக் கலந்தாலோ, நொண்டி மாட்டோடு பூட்டிய வண்டிபோல எல்லாம் மெதுவானதன் வேகத்துக்கே இறங்கிவிடும். அந்த வாய்கள் ஏ1, ஏ2 என்று ஒன்றிலிருந்து எண்ணப்படுவதைக் குறித்துக்கொண்டு திரும்பினேன். வட்டுகளைப் பார்க்கவில்லை. அவற்றை இயந்திரம் ஓடும்போதே கழற்றி மாட்டலாம், அதில் காண்பதற்கு ஒன்றுமில்லை என்றார் பொறியாளர்.

சில திங்கள் சென்றன. தமிழ் வழங்கும் பகுதியிலுள்ள கிளை ஒன்றில் ஒரு வட்டு பழுதுற்றது. அங்கே வட்டுகள் ரெய்டு 5 என்னும் முறையில் இணைக்கப்பட்டிருந்தன. அம்முறையில் ஒரு வட்டு இறந்தால், அதிலிருந்தவற்றை மற்றவை கணக்கிட்டு மீட்டுத் தரும். இன்னொன்றும் போய்விட்டால் தொகுதி முழுவதும் போய்விடும். 'டிஸ்க் 3'-ஐ மாற்றுக என்று ஆங்கில ஆணை கூறிற்று. 'மூன்றாம் வட்டை மாற்றுக' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அந்த இயந்திரத்தில் நினைவக வாய்களுக்கு எண் ஒன்றில் தொடங்குகிறது. வட்டுகளுக்கோ பூஜ்யத்தில் தொடங்குகிறது. ஆகவே 3 என்னும் எண்ணுக்குரியது நான்காவதாக நிற்கும் வட்டு. எண்ணுப்பெயரை வரிசைப்பெயராக்கியது யான் செய்த பிழை. அக்கிளையின் எழுத்தர் மூன்றாவதாக நின்ற நல்ல வட்டை உருவினார். அடுத்த வட்டில் மஞ்சள் விளக்கு சிமிட்டியதை அவர் பார்க்காமலில்லை. ஆயினும் விளக்கைவிட மேலிடத்தின் கடிதத்தையே நம்பினார். அரசுப் பணியில் இருப்பவர் எவரும் அவரைக் குறை கூறமாட்டார்.

தொகுதி நின்றது. உருவியதைத் திரும்பச் செருகியும் எழவில்லை. நாடாவில் இருந்த நகலோ 11 நாள் பழையது. அந்த 11 நாட்களில் வந்த ஓய்வூதிய விண்ணப்பங்களைத் தாளிலிருந்து மீண்டும் தட்டெழுதினார்கள், ஞாயிறு உட்பட. பணம் தாமதமாகப் பெற்ற முதியவர்களுக்கு வட்டும் தெரியாது, பூஜ்யமும் தெரியாது.

எழுத்தரிடம் விளக்கம் கேட்டு ஓலை போயிற்று. பிழை மொழிபெயர்ப்பில் என்று நானே எழுதிக்கொடுத்தபின் அது நிறுத்தப்பட்டது. இப்போது அக்குறிப்பில் இவ்வாறு இருக்கிறது: "3 என்னும் எண்ணுக்குரிய வட்டு, அதாவது பூஜ்யத்திலிருந்து எண்ணினால் வருவது. முதலில் மஞ்சள் விளக்கு எதில் என்று பார்க்கவும். இரண்டும் ஒத்துவராவிடில் எதையும் தொடாமல் தொலைபேசியில் கேட்கவும்." வாசகம் மிக நீளம் என்கிறார் பொறியாளர். உண்மைதான், நான் சுருக்கவில்லை.