வெட்டொன்று துண்டிரண்டு



மனதிற் பட்டதை ஒளிவுமறைவின்றிச் சொல்லும் ஒருவரைப் பற்றி, 'வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுகிறவர்' என்று நாம் சொல்வதுண்டு. கூரிய கத்தியொன்று ஒரே வீச்சில் இறங்கும் காட்சி அதில் இருக்கிறது. அதே மனிதரை ஆங்கிலேயர் 'பிளண்ட்' என்பர். அச்சொல்லுக்கு நம் அகராதிகள் தரும் முதற் பொருள் 'மழுங்கிய' என்பதாகும். நமக்குக் கூர்மையாகத் தெரிந்தது அவர்களுக்கு மழுங்கலாகத் தெரிந்தது எப்படி?

மத்தியகால ஆங்கிலத்தில் இச்சொல் கத்தியின் விளிம்பை மட்டுமன்றி, உணர்வு மந்தமான மனிதரையும் குறித்தது. தன் சொல் கேட்பவரை எப்படித் தாக்கும் என்பதை அறியும் நுண்மை மழுங்கியவர் என்பதே அதன் உட்பொருள். பூசிமெழுகாது பேசுபவர் என்ற மதிப்பான பொருள் பின்னரே வந்து சேர்ந்தது. ஆகவே இன்றும் அச்சொல்லிற் பாதி பாராட்டு, பாதி பழி.

இதற்கு எதிரான பண்பை ஆங்கிலத்தில் 'டக்ட்' என்பர். இது தொடுகை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. புண் எங்கே இருக்கிறது என்று விரல் நுனியால் அறிந்து, அழுத்தாமல் தொடும் வைத்தியரின் கையை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் இதனை 'இங்கிதம்' என்கிறோம். வடமொழியில் அச்சொல் உள்ளக் குறிப்பை, அதைக் காட்டும் முகபாவத்தைச் சுட்டும். அவர்கள் கையால் அறிந்ததை நாம் கண்ணால் அறிந்தோம் என்று சொல்லலாம். குறளில் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் அமைந்திருப்பதும் நினைவுகூரத் தக்கது.

இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே ஒரு பெரிய சொற்குடும்பமே இருக்கிறது. 'பிராங்க்' என்பது பண்டைய கோல் நாட்டை வென்று ஆண்ட பிராங்கியரின் பெயர். அங்கே ஆண்டவர்களே சுதந்திர மனிதர்களாக இருந்தமையால், அவர்கள் பெயரே 'சுதந்திரமான', பின்னர் 'மனந்திறந்த' என்ற பொருள்களைப் பெற்றது. அச்சமின்றிப் பேசும் உரிமை யாருக்கு இருந்தது என்பதை இந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது. 'கன்டிட்' என்பதன் மூலப்பொருள் வெண்மை. பதினெட்டாம் நூற்றாண்டில் அது, பிறர் செயலுக்கு நல்லெண்ணத்தோடு பொருள் கொள்பவரைக் குறித்தது. இன்றோ, கசப்பானாலும் உள்ளதைச் சொல்பவரைக் குறிக்கிறது. 'கேர்ட்' என்றால் வெட்டிக் குறுக்கியது. ஒற்றை வரியிற் பதில் எழுதிக் கடிதத்தை முடிக்கும் அதிகாரிக்குப் பொருத்தமான சொல். 'கோஷ்' என்பது பிரெஞ்சு மொழியில் இடது கை. சபையிற் பேசத் தெரியாமற் பேசித் தடுமாறுபவருக்கு அந்தப் பெயர். அவரிடம் பழக்கமின்மை உண்டு, கெட்ட எண்ணம் இல்லை.

'மண்வெட்டியை மண்வெட்டி என்று சொல்லுதல்' என்ற ஆங்கில மரபுத்தொடரின் கதை இன்னும் சுவையானது. மசிடோனியர் நாகரிகமற்றவர்கள், தொட்டியைத் தொட்டி என்றே சொல்வார்கள் என்று மன்னன் பிலிப் கூறியதாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். எராஸ்மஸ் அதை இலத்தீனில் பெயர்த்தபோது, தொட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல் தோண்டும் கருவியாகிவிட்டது. 1542இல் நிக்கலஸ் யூடல் அதை ஆங்கிலமாக்கினார், மண்வெட்டி நிலைத்துவிட்டது. உள்ளதை உள்ளபடி சொல்வதற்கு உதாரணமான தொடரே பெயர்ப்பில் மாறிப்போன ஒன்று!

இத்தனை சொற்கள் இருந்தும், மொழிபெயர்க்கும்போது எனக்கு இவை ஒரு சங்கடத்தைத் தருகின்றன. அகராதி பொருளைச் சொல்கிறது. ஆனால் யார் யாரிடம் பேசினார் என்பதைச் சொல்வதில்லை. அதற்கு நாம் இலக்கியத்திடம் போகவேண்டும்.

ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தில், அன்பு மகளை மன்னன் துரத்தும்போது, கென்ட் பிரபு அவன் முகத்துக்கு நேரே அது தவறென்கிறான். நாடுகடத்தப்படுகிறான். பின் மாறுவேடத்தில் திரும்பி வந்து அதே மன்னனுக்கு ஊழியஞ் செய்கிறான். கோன்வால் கோமகன் அவனைத் தொழுமரத்தில் மாட்டுவிக்குமுன், வெளிப்படைப் பேச்சையே வேடமாகப் பூண்டு அதற்குள் சூழ்ச்சியை மறைப்போர் உண்டென்று ஏளனஞ் செய்கிறான். கென்ட்டைப் பொறுத்தவரை அது வீண்பழி. ஆனால் அப்படிப்பட்டவர்கள் இல்லாமலில்லை. 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில், தான் பேச்சுக்கலை அறியாத வெள்ளை மனத்தவன் என்று சொல்லிக்கொண்டே மார்க் அன்ரனி ரோமாபுரி மக்களைக் கலகத்துக்குத் தூண்டிவிடுகிறான். 'நான் எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவன்' என்று ஒருவர் முன்னுரை வழங்கினால் நாம் சற்று விழிப்பாகவே இருக்கவேண்டும்.

இன்னொரு காட்சி, ஜேன் ஒஸ்டினின் 'எம்மா' நாவலில் வருவது. 1815 டிசெம்பரில் வெளிவந்த நாவல் அது. பொக்ஸ் ஹில் குன்றில் ஓர் உல்லாசப் பயணம். செல்வச் சீமாட்டியான எம்மா, ஓயாது பேசும் ஏழை முதுகன்னி மிஸ் பேற்ஸை எல்லோர் முன்னிலையிலும் கேலி செய்துவிடுகிறாள். அவள் சொன்னது பொய்யன்று. எல்லோரும் மனதுக்குள் நினைத்ததுதான். ஆயினும் அந்த ஏழையின் முகம் சிவந்துபோகிறது. பின்னர் நைற்லி எம்மாவைத் தனியே கண்டு கடிந்துகொள்கிறார். மிஸ் பேற்ஸ் உனக்குச் சமமான நிலையில் இருந்திருந்தால் பாதகமில்லை, அவள் வறியவள் என்பதே அவர் வாதத்தின் சாரம். அவர் பேச்சும் கடுமையானதே. எம்மா வீடு செல்லும் வழியெல்லாம் அழுகிறாள்.

மூவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். கென்ட் தன்னிலும் வலியவனிடம் சொன்னான். விலையைத் தானே கொடுத்தான். எம்மா தன்னிலும் எளியவளிடம் சபையிற் சொன்னாள். விலையைக் கொடுத்தவள் அந்த எளியவள். நைற்லி தன் அன்புக்குரியவளிடம் தனிமையிற் சொன்னார். அவளது நட்பையே இழக்க நேரலாம் என்பதை அறிந்து சொன்னார். என் கணிப்பில் நேர்மைக்கும் இங்கிதமின்மைக்கும் உள்ள எல்லைக்கோடு இங்கேதான் இருக்கிறது. சொல் மென்மையா கடுமையா என்பது இரண்டாவது விடயம். அது எந்தத் திசையிற் பாய்கிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார் என்பதே முதலாவது.

ஆங்கிலத்தின் அத்தனை சொற்களிலும் இந்தத் திசையைத் தன்னுள்ளே கொண்ட சொல்லை நான் காணவில்லை. தமிழில் ஒன்று உண்டு: 'இடித்துரைத்தல்'. தவறு செய்யும் மன்னனைக் கடிந்து திருத்தும் துணைவரின் கடமை அது. 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் வள்ளுவர் அதை மன்னனுக்குக் காவலென்றே வைத்தார். வாசலில் நிற்கும் ஏழையிடம் எரிந்துவிழுபவர் இடித்துரைக்கவில்லை. அதிகாரம் படைத்தவரின் முன்னே, கைகட்டி நிற்கவேண்டிய இடத்தில், 'ஐயா, இது தவறு' என்று சொல்பவரே இடித்துரைக்கிறார். அந்தச் சொல்லுக்கு உரியவர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்பதை, நேயர்களே, உங்கள் சிந்தனைக்கே விட்டு விடைபெறுகிறேன்.