ஷாயிர் என்னும் சொல்லின் வேர்



அரபு மொழியில் கவிஞனுக்கு வழங்கும் பெயர் ஷாயிர், கவிதைக்கு ஷிஃர். உருதுக் கவியரங்குகளின் வழியாக இச்சொற்களின் ஓசை இந்நாட்டுச் செவிகளுக்குப் பழகியதே. முஷாயிரா என்பதும் இதே வேரில் பிறந்த சொல்தான். கவிதையில் ஒருவரோடொருவர் போட்டியிடுதல் என்பது அதன் முதற்பொருள். ஆயினும் ஷாயிர் என்பதற்குச் சொல்நிலையில் பாட்டுக் கட்டுபவன் என்று பொருளில்லை. உணர்கிறவன், நுண்ணிதின் அறிகிறவன் என்பதே பொருள். கிரேக்கர் தம் கவிஞனைச் 'செய்பவன்' என்றனர். அரபியர் 'உணர்பவன்' என்றனர். இந்த வேறுபாடு சிறிதன்று.

அரபுச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று மெய்யெழுத்துகளாலான வேரிலிருந்து கிளைப்பவை. ஈண்டு அம்மூன்றும் ஷீன், அய்ன், ரா ஆகியன. இவற்றுள் அய்ன் தொண்டையில் பிறக்கும் ஒலி. தமிழில் அதற்கு எழுத்தில்லை. எனவே ஓரிடத்தில் ஆய்தமாகவும் வேறோரிடத்தில் யகரமாகவும் அது உருமாறி நிற்கிறது. 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத், தம் அகராதியை அவ்வெழுத்தைக் கொண்டே தொடங்கினார்; நூலின் பெயரும் 'கிதாபுல் அய்ன்' ஆயிற்று. அரபு யாப்பை முதன்முதல் வகுத்தவரும் அவரே.

இவ்வேரின் கீழ் அகராதி தரும் சொற்களை வரிசையாகப் படிப்போர் முதலில் திகைப்பர். ஷஃர் என்பது மயிர். ஷயீர் என்பது கதிரில் மயிர்போல் நீண்ட கூர் உடைய தானியம். தமிழிலும் அதற்கு வாற்கோதுமை என்றே பெயர். ஷுஊர் என்பது உணர்வு. ஷஆயிர் என்பன வழிபாட்டுச் சின்னங்கள். மக்காவின் ஸஃபா, மர்வா குன்றுகளைக் குர்ஆன் அப்பெயராலேயே குறிக்கிறது. பலிக்கென நேர்ந்த ஒட்டகத்தின் திமிலில் சிறு கீறலிட்டு அடையாளம் செய்வது இஷ்ஆர். இன்று கைப்பேசித் திரையில் தோன்றும் அறிவிப்புக்கும் அரபியர் அதே சொல்லைத்தான் ஆள்கின்றனர். திமிலிலிருந்து திரைக்கு வந்தும் அடையாளம் காட்டும் தொழிலை அச்சொல் விடவில்லை.

ஷிஆர் என்னும் சொல்லோ இன்னும் விந்தையானது. மெய்யோடு ஒட்டிக் கிடக்கும் உள்ளாடை அதன் ஒரு பொருள். போர்க்களத்துப் புழுதியில் தம்மவர் தம்மவரை இனங்காண எழுப்பும் குரல் மற்றொரு பொருள். 630ஆம் ஆண்டில் ஹுனைன் போருக்குப் பின் பொருட்பங்கீட்டில் மதீனாவின் அன்சாரிகள் மனங்குறைந்தபோது, நபிகள் நாயகம் அவர்களை ஷிஆருக்கும் ஏனையோரை மேலாடைக்கும் ஒப்பிட்டுத் தேற்றியதாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அந்த ஒப்பீட்டின் நெருக்கத்தை உணர, அச்சொல் உடலைத் தொடும் துணி என்பதை அறிந்திருத்தல் வேண்டும். இக்காலத்தில் அதே சொல் கட்சி முழக்கத்துக்கும் நிறுவனச் சின்னத்துக்கும் வழங்குகிறது.

இத்தனையும் ஒரே வேரா? 1004இல் மறைந்த இப்னு ஃபாரிஸ், ஒவ்வொரு வேரையும் ஓரிரு மூலப்பொருள்களுக்குள் அடக்க முயன்ற அறிஞர். இவ்வேருக்கு அவர் இரண்டு மூலங்கள் கண்டார். ஒன்று நிலைபேறு, மற்றது அறிவும் அடையாளமும். மயிர் முதலாவதன்பாற்படும், மேனி மயிரைத் தொடுவதால் உள்ளாடையும் அங்கேயே சேரும். போர்க்குரலும் கவிதையும் இரண்டாவதன்பாற்படும். ஆக, ஷிஆர் என்ற ஒரே சொல் பொருளுக்கேற்ப இரண்டு வீடுகளிலும் குடியிருக்கிறது.

குர்ஆன் சொற்களுக்கு அகராதி செய்த ராகிப் அல்-இஸ்ஃபஹானி இப்பிரிவை ஏற்கவில்லை. மயிரிழை ஒன்றைத் தவறாது தொடுவது போன்ற நுட்பமான அறிவே ஷுஊர் என்றும், அத்தகைய கூர்மை உடைமையால்தான் கவிஞன் ஷாயிர் ஆனான் என்றும் அவர் விளக்கினார். மயிரும் வாற்கோதுமையும் எபிரேயத்திலும் சிரியாக்கிலும் இதே வேரில் இணையாக வருகின்றன. கவிதை அவற்றோடு வருவதில்லை. எனவே மொழிநூலின் தராசில் இப்னு ஃபாரிஸின் தட்டே தாழும். எனினும் தம் காலம் கவிஞனிடம் எதை எதிர்பார்த்தது என்பதை ராகிபின் விளக்கமே காட்டுகிறது. தவறான சொற்பிறப்பும் சிற்சில வேளைகளில் சிறந்த திறனாய்வாகும்.

உணர்தல் வேறு, அறிதல் வேறு என்பதைக் குர்ஆனின் சொல்லாட்சி தெளிவாக்குகிறது. இரண்டாம் அத்தியாயத்தின் 12ஆம் வசனம், சீர்திருத்துவோம் என்று சொல்லியே குழப்பம் விளைப்போரை உணராதோர் என்கிறது. அடுத்த வசனமே நம்பிக்கையாளரை இகழ்வோரை அறியாதோர் என்கிறது. முன்னது இவ்வேரில் வந்த வினை. பின்னது 'இல்ம்' என்னும் அறிவின் வினை. 1144இல் மறைந்த ஸமக்ஷரி இதற்குக் காரணம் கூறினார்: குழப்பம் புலன்களுக்கே புலப்படுவது, சமய உண்மை ஆராய்ந்து தெளிய வேண்டுவது. கண்முன் உள்ளதைக்கூடக் காணாதவனே உணராதவன் என்றாகிறது. புலம் என்னும் சொல்லையும் புலவன் என்னும் சொல்லையும் அருகருகே வைத்துப் பார்க்கும் தமிழருக்கு இவ்விளக்கம் அயலானதன்று.

மக்கத்து எதிரிகள் நபிகளை ஷாயிர் என்று பழித்ததன் கூர்மையும் இங்கேதான் விளங்கும். யாப்பு ஒன்றே பொருளாயிருப்பின் அப்பழிப்புக்கு வலுவில்லை. ஜின்களிடமிருந்து மறைபொருள் பெறுபவன் கவிஞன் என்று அக்காலத்தார் நம்பினர். ஆதலின் அது இவ்வறிவு எங்கிருந்து வந்தது என்பது பற்றிய வழக்கு. குர்ஆன் அப்பெயரைத் திட்டவட்டமாக மறுத்தது. அதன் 26ஆம் அத்தியாயமோ கவிஞர்கள் என்றே பெயர் பெற்றது.

பிற்காலத்தில் சொல் சுருங்கிற்று. 10ஆம் நூற்றாண்டில் குதாமா இப்னு ஜஃபர் சீரும் இயைபும் பொருளும் உடைய பேச்சே கவிதை என வரையறுத்தார். அளந்து பார்க்கத் தக்க வரையறை; ஆகவே நெடுங்காலம் நின்றது. அடுத்த நூற்றாண்டில் கைரவான் நகரத்து இப்னு ரஷீக் இதற்கு அமையவில்லை. பிறர் உணராததை உணர்வதனால்தான் ஷாயிர் என்ற பெயர். புதிய பொருள் எதுவும் காணாதவனுக்கு எஞ்சுவது யாப்பின் சிறப்பு ஒன்றே என்று அவர் எழுதினார்.

இவ்வழக்கு 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்தது. 1947இல் ஈராக்கின் நாஸிக் அல்-மலாயிகா, எகிப்தின் காலரா கொள்ளைநோய் பற்றிய கவிதையில் சீரை வைத்துக்கொண்டு அடியளவை உடைத்தார். 1957இல் பெய்ரூத்தில் யூசுஃப் அல்-கால் தொடங்கிய இதழுக்கு ஷிஃர் என்பதே பெயர்; 1960 அளவில் உரைநடைக் கவிதைக்காக வாதிட்டோர் அங்கே கூடினர். 1962இல் தம் நூலில் அவர்களைக் கடுமையாக எதிர்த்தவர் அதே நாஸிக். சீரில்லாததற்கு அப்பெயர் பொருந்தாது என்பது அவர் துணிபு. அடியை உடைத்தவரே சீருக்குக் காவல் நின்றார். வேர்ச்சொல்லின் சாட்சி எதிர்த்தரப்பின் பக்கமே இருந்தது.

பழைய அரபில் 'லைத்த ஷிஃரீ' என்றொரு வழக்கு உண்டு. இன்றைய பொருளை மட்டும் அறிந்தவர் அதில் 'என் கவிதை' என்று வாசிக்கக் கூடும். அதன் பொருள், 'நான் அறிந்திருக்கலாகாதா!' என்பது.