நாற்பதுக்குப் பின் ஒரு பருவம்: குருதிப் பரிசோதனை சொல்வதும் சொல்லாததும்

(மாதர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மாதவிடாய் நிற்கும் காலத்தில் வரும் துன்பங்களைக் குருதிப் பரிசோதனையால் அறிய முடியுமா என்பது எனக்குத் தரப்பட்டுள்ள பொருள். நான் மருத்துவர் அல்லேன். மருத்துவ அறிஞர்கள் வகுத்த நெறிமுறைகளைப் படித்து, நம் வீட்டுப் பெண்களுக்கு விளங்கும் தமிழில் எடுத்துரைப்பது மட்டுமே என் பணி.

பெண்ணின் வாழ்வை நம் இலக்கண நூலோர் ஏழு பருவங்களாகப் பிரித்தனர். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அவை. இறுதிப் பருவமாகிய பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40 வரை வயது சொல்லப்படுகிறது. நாற்பதைக் கடந்தவளுக்கு அந்த வரிசையில் பெயரே இல்லை. பூப்பெய்தினால் ஊரைக் கூட்டி நீராட்டு விழா எடுக்கிறோம். அது நிற்கும்போது வீட்டில் ஒருவரிடமும் சொல்வதில்லை. பெயரில்லாத பருவத்தில் வரும் துன்பத்துக்கும் பெயரில்லை. ஆகவே அது "கோபம்" என்றும் "சோம்பல்" என்றும் "மனப்பிரமை" என்றும் அழைக்கப்படுகிறது.

முதலில் உடலில் நிகழ்வதைக் காண்போம். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி, எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோனை அனுப்பிச் சினைப்பையைத் தூண்டுகிறது. சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து அதற்கு விடை தருகிறது. வயது ஏற ஏறச் சினைப்பையில் முட்டைகள் குறைகின்றன, விடை தளர்கிறது. விடை கிடைக்காத பிட்யூட்டரி மேலும் உரக்க அழைக்கிறது, எஃப்.எஸ்.எச். உயர்கிறது. பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து விலக்கு வராதிருந்தால் அதனை மாதவிடாய் நிறைவு என்பர். நம் நாட்டுப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் நிகழ்கிறது. மேலைநாட்டுப் பெண்களுக்கு ஏறத்தாழ 51. அதற்கு முந்தைய சில ஆண்டுகளே இடைநிலைக் காலம். திடீரென உடல் கொதித்து வியர்த்தல், உறக்கமின்மை, படபடப்பு, மறதி, மூட்டு வலி, காரணமற்ற அழுகை ஆகியவை பெரும்பாலும் அக்காலத்திலேயே தொடங்குகின்றன.

இந்த ஹார்மோன்கள் குருதியில் மிக மிக நுண்ணிய அளவிலேயே உள்ளன. அத்தகைய நுண்ணளவை அளக்கும் வழியை 1950களின் இறுதியில் அமெரிக்காவில் ரோசலின் யாலோ என்னும் பெண்மணியும் அவருடைய துணைவிஞ்ஞானி சாலமன் பெர்சனும் கண்டனர். முதலில் இன்சுலினை அளந்தனர்; பின்னர் அவ்வழியில் பல ஹார்மோன்களும் அளக்கப்பட்டன. பெர்சன் 1972இல் மறைந்தார். 1977இல் யாலோ நோபல் பரிசு பெற்றார். இன்று தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் தெருவுக்குத் தெரு பரிசோதனை நிலையங்கள் உள்ளன. தொலைபேசியில் அழைத்தால் காலையில் வீட்டுக்கே வந்து குருதி எடுத்துச் செல்கின்றனர். அளப்பது எளிதாகிவிட்டது. அளந்த எண்ணுக்குப் பொருள் காண்பதே அரிதாக உள்ளது.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த அம்மையாருக்கு 47 வயது. ஓராண்டாகக் களைப்பு, படபடப்பு, இரவில் வியர்வை. விலக்கு சில வேளை இருபது நாளில் வரும். சில வேளை இரண்டு மாதம் கழித்து வந்து பத்து நாள் நிற்காது. மகன் விளம்பரம் பார்த்து, பெண்களுக்கான ஹார்மோன் தொகுப்புப் பரிசோதனைக்குப் பணம் கட்டினான். எஃப்.எஸ்.எச். 9 என்று வந்தது. தாளில் அதற்கு நேரே "இயல்பு" என்று அச்சிட்டிருந்தது. "பார், உனக்கு ஒன்றுமில்லை" என்றனர் வீட்டார். அவரும் வாய் மூடிக்கொண்டார். ஐந்து மாதம் கழித்து மாடிப்படியில் மயங்கி விழுந்தபோதுதான் ஹீமோகுளோபின் பார்க்கப்பட்டது. 7.8 இருந்தது. பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே குருதிச்சோகை.

அந்த எஃப்.எஸ்.எச். பரிசோதனை பொய் சொல்லவில்லை. அன்று காலை அவர் குருதியில் இருந்ததை அது சரியாகவே சொன்னது. ஆனால் இடைநிலைக் காலத்தில் இந்த எண் ஒரு மாதம் 40க்கு ஏறும். மறுமாதம் 9க்கு இறங்கும். ஈஸ்ட்ரோஜனும் அவ்வாறே அலைபாயும். ஒரு நாள் எண்ணைக் கொண்டு ஓராண்டுத் துன்பத்தை "இல்லை" என்று மறுத்தது வீட்டார் செய்த பிழை.

நம் சமயம் உலகுக்கு அளித்த கொடைகளுள் அநேகாந்தம் தலையாயது. பொருளுக்குப் பல இயல்புகள் உண்டு. ஒரு நோக்கில் கண்டது அந்நோக்கில் மெய். அதுவே முழுமை என்று சாதிப்பது ஏகாந்தப் பிழை. குருதிப் பரிசோதனைத் தாளை நாம் படிக்க வேண்டிய முறையும் இதுவே. அன்றைய எண் ஒரு நோக்கு. விலக்கு வந்த நாட்களின் குறிப்பு மற்றொரு நோக்கு. வயது, உறக்கம், உணவு, உண்ணும் மருந்து, அந்தப் பெண் தன் வாயால் சொல்லும் சொல் ஆகியவை பிற நோக்குகள். இவற்றுள் கடைசியாகச் சொன்னதைத்தான் நாம் முதலில் தள்ளிவிடுகிறோம்.

மருத்துவ நெறிமுறையும் இதற்கு மாறுபடவில்லை. 2015இல் இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் வெளியிட்ட மாதவிடாய் நிறைவு நெறிமுறை தெளிவாக உள்ளது. 45 வயதைக் கடந்த பெண்ணுக்கு விலக்கு முறை தவறி, உடற்கொதிப்பு முதலிய அறிகுறிகளும் இருந்தால், இடைநிலைக் காலம் என்று முடிவு செய்ய எஃப்.எஸ்.எச். பரிசோதனை வேண்டுவதில்லை. ஈஸ்ட்ரோஜன் அளவும் ஏ.எம்.எச். அளவும் அதற்குப் பயன்படுத்தத் தக்கன அல்ல.

எனில் எஃப்.எஸ்.எச். யாருக்கு வேண்டும்? 40க்கும் 45க்கும் இடைப்பட்டவர்க்கு விலக்கு மாறி அறிகுறிகளும் தோன்றினால் மருத்துவர் அதனைக் கருதலாம். 40 வயதுக்கு முன்னரே விலக்கு நின்றுவிட்டவர்க்கு அது கட்டாயம் வேண்டும். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இருமுறை பார்ப்பது அந்நெறிமுறையின் வழி. இளவயதில் ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். எனவே "சீக்கிரம் நின்றது, நிம்மதி" என்று இருந்துவிடலாகாது. கருப்பை அகற்றப்பட்டு, சினைப்பை எஞ்சியிருப்பவர் நம்மிடையே பலர். அவர்களுக்கு எண்ணிப் பார்க்க விலக்கே இல்லை. அங்கும் மருத்துவர் இப்பரிசோதனையை நாடக்கூடும்.

இனி, இக்காலத்தில் உண்மையாகவே உதவும் குருதிப் பரிசோதனைகளைச் சொல்கிறேன். இவை மாதவிடாய் நிறைவை அறிய அல்ல. அதன் வேடத்தில் வரும் பிற நோய்களை அறிய.

முதலாவது, ஹீமோகுளோபினும் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெர்ரிட்டினும். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் குருதிச்சோகை உடையவர். இடைநிலைக் காலத்தின் மிகுபோக்கு அதனை மேலும் ஆழமாக்குகிறது.

இரண்டாவது, தைராய்டுக்கான டி.எஸ்.எச். தைராய்டு மிகுந்தால் வியர்வை, படபடப்பு, உறக்கமின்மை. குறைந்தால் களைப்பு, மறதி, உடல் பருத்தல், மிகுபோக்கு. இரண்டும் மாதவிடாய் நிறைவின் அறிகுறிகளைப் போலவே இருக்கும், மருந்தோ வேறு.

மூன்றாவது, வைட்டமின் பி12. இது நம் குடும்பங்கள் சிறப்பாகக் கருத வேண்டியது. புலாலும் முட்டையும் நாம் தொடுவதில்லை. தாவர உணவில் பி12 இல்லை. பால், தயிர், மோர் வழியாக வருவது மட்டுமே. பாலையும் குறைத்துக்கொண்ட மூதாட்டியருக்கு அதுவும் இல்லை. கால் மரத்தல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, மறதி, சோர்வு ஆகியவற்றை "வயதாகிறது" என்று தள்ளிவிடாதீர்கள். பி12 மாத்திரைக்கான சத்து நுண்ணுயிர்களின் நொதித்தலால் ஆக்கப்படுகிறது. விலங்கின் உடலிலிருந்து எடுக்கப்படுவதில்லை.

நான்காவது, சர்க்கரையும் கொழுப்பும். ஈஸ்ட்ரோஜன் குறைந்த பின் தீய கொழுப்பு உயர்வது இயல்பு. எலும்பின் நிலையை மட்டும் குருதியால் அறிய இயலாது. எலும்பு மெலிந்தவர்க்கும் குருதியில் கால்சியம் சரியாகவே இருக்கும். அதற்குத் தனியே எலும்பு அடர்த்திப் படம் எடுக்க வேண்டும். நாள் தள்ளிப்போனால், 45 வயதானாலும், கருவுற்றிருத்தலையும் மருத்துவர் ஐயுறுவார்; அதற்கு நாண வேண்டுவதில்லை.

பரிசோதனைக்குச் செல்லுமுன் கருத வேண்டியவை சில உண்டு. சூரியன் மறையுமுன் உண்டு முடிக்கும் நமக்கு, வெறும் வயிற்றுப் பரிசோதனை எளிது. ஆனால் உபவாசம் இருந்த மறுநாள் குருதி கொடுப்பதாயின் அதனை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். நீண்ட உண்ணாநோன்பு சில அளவுகளை மாற்றும். முடி உதிர்வதற்காக பயோட்டின் மாத்திரை உண்பவர் அதனையும் சொல்ல வேண்டும். மிகுந்த அளவு பயோட்டின், தைராய்டு, ஹார்மோன் பரிசோதனைகளில் பொய்யான எண்ணைக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது.

இன்னொன்றைத் தயங்காமல் சொல்லியாக வேண்டும். முறையாக வந்துகொண்டிருந்த காலத்தில், எந்த நாளில் கோயிலுக்குச் செல்லலாம், எந்தப் பூசைக்கு முறை எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கிட்டோம். இடைநிலைக் காலத்தில் அக்கணக்குப் பொய்த்துவிடுகிறது. நோன்பு நிறைவு நாளில் ஒதுங்கி நிற்க நேர்ந்து கண் கலங்கிய பெண்களை நான் அறிவேன். அந்த அச்சத்தால், விழா வருமுன் நாளைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் தாமே வாங்கி உண்போர் உளர். அது ஹார்மோன் மாத்திரை. இரத்தக்குழாயில் உறைகட்டி வந்தவர்க்கு ஆபத்தாகலாம். விலக்குக் கணக்கையும் எஃப்.எஸ்.எச். எண்ணையும் குழப்பும். மருத்துவரைக் கேளாமல் அதனை உண்ணாதீர்கள். வராமல் போன ஒருத்தியை ஏன் வரவில்லை என்று நால்வர் முன் கேளாதிருப்பதும் அகிம்சையே. மாமியாரும் நாத்தனாரும் இதில் அவளுக்குத் துணை நிற்கலாம்.

மருந்து பற்றியும் நம்மவர் கேட்பதுண்டு. உடற்கொதிப்புக்கு ஹார்மோன் மருத்துவமே மிகுந்த பயன் தருவது. ஆயினும் மார்பகப் புற்றுநோய், உறைகட்டி முதலியன வந்தவர்க்கு அது பொருந்தாமல் போகலாம். மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அம்மருந்துகளுள் ஒருவகை, கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்படுவது. அதை விரும்பாதவர், சோயா போன்ற தாவரப் பொருள்களிலிருந்து ஆக்கப்படும் ஈஸ்ட்ரடயால் உண்டா என்று கேட்கலாம். மாத்திரை உறைகள் பல விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து வரும் ஜெலட்டினால் ஆனவை. தாவர உறையும் உண்டு. வைட்டமின் டி3 பெரும்பாலும் செம்மறி ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து வருகிறது. இவற்றை அறிந்து, மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். கேளாமலே மருந்தைக் குப்பையில் இடுவது அறமாகாது. தன் உயிரும் உயிரே.

எந்தப் பரிசோதனைக்கும் காத்திராமல் மருத்துவரை நாட வேண்டிய நிலைகளும் உண்டு. ஓராண்டு நின்றபின் ஒரு துளி குருதி கண்டாலும் உடனே செல்லுங்கள். கருப்பைப் புற்றுநோயின் முதற்குறியாக அது இருக்கக்கூடும். மணிக்கொரு துணி மாற்றும் அளவு போக்கு இருந்தாலும், வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் எழுந்தாலும் அவ்வாறே. அரசு மருத்துவமனை நமக்கு அண்மையில் உள்ளது. முதற்படியான ஹீமோகுளோபின் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையமே போதும்.

நம் முன்னோர் நால்வகைத் தானம் வகுத்தனர்: ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம். சிறுபஞ்சமூலம் என்றும் ஏலாதி என்றும் அறநூல்களுக்கே மருந்தின் பெயரிட்டவர் நம் புலவர். ஔடத தானத்தை ஊராருக்குச் செய்யுமுன் நம் வீட்டுச் சமையலறையில் நிற்பவளுக்குச் செய்வோம். அவள் சொல்வதை நம்புவது அபய தானம். இந்தச் செய்திகளை அவளுக்குச் சொல்வது சாத்திர தானம். இரவு களைத்துக் கிடப்பவளை எழுப்பாமல் தாமே உணவு எடுத்து வைப்பதை ஆகார தானம் என்று ஆண்மக்கள் கொள்ளலாம்.

சகோதரியரே, இன்று வீடு திரும்பியதும் நாட்காட்டி ஒன்றை எடுங்கள். விலக்கு வந்த நாள், நின்ற நாள், உறங்காத இரவு, உடல் கொதித்த வேளை ஆகியவற்றை மூன்று மாதம் குறித்து வையுங்கள். மருத்துவர்முன் அமரும்போது அந்தத் தாளை முதலில் நீட்டுங்கள்; குருதிப் பரிசோதனைத் தாளை அதன்பின் நீட்டுங்கள். நீலகேசி வாதுக்குச் சென்ற இடமெல்லாம் அஞ்சாமல் வினவினாள். நாம் நம் உடலைப் பற்றி வினவுவதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.