பனிக்காலப் பயணமும் மோட்டார் சைக்கிளின் மின்கலவடுக்கும்



ஜேர்மனி நாட்டின் தென்கிழக்கே, பவேரியக் காட்டுப் பிரதேசத்தில், தூர்மான்ஸ்பாங் என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள ஒரு பள்ளத்தாக்கிலே, மோட்டார் சைக்கிளோட்டிகள் பனிக்காலத்தின் நட்டநடுவே பெருந்தொகையாகக் கூடிக் கூடாரமடித்துத் தங்கும் வழக்கம் 1989ஆம் ஆண்டு முதல் நிலவி வருகின்றது. அக்கூட்டத்துக்கு யானைச் சந்திப்பு என்று பெயர். பனி மூடிய காட்டிலே யானை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் வியக்கலாம். எர்ண்ஸ்ற் லெவர்குஸ் என்னும் மோட்டார் சைக்கிள் எழுத்தாளர் 1956ஆம் ஆண்டு ஸ்ருட்கார்ட் நகருக்கு அருகே முதன்முதலாக இச்சந்திப்பைக் கூட்டினார். அவரும் நண்பர்களும் ஓட்டிய சுண்டப் கே.எஸ். 601 என்னும் வண்டிக்குப் பச்சை யானை என்ற செல்லப் பெயர் வழங்கியது. அந்த யானையே சந்திப்புக்கும் பெயராயிற்று.

அக்காலத்து ஓட்டிகள் தடித்த தோலங்கியை நம்பியே புறப்பட்டனர். இக்காலத்து ஓட்டிகளிற் பலர் அணிவது மின்சாரத்தாற் சூடேறும் உடையாகும். மேலங்கி, கையுறை, காற்சட்டை, காலுறை என அனைத்திலும் மெல்லிய மின்கம்பிகளை வைத்துத் தைத்து, வண்டியின் மின்கலவடுக்கிலிருந்து அவற்றுக்கு மின்னோட்டம் செலுத்துகின்றனர். நுவரெலியாவின் உறைபனியைக் கண்டே நடுங்கும் நமக்கு இஃது ஆடம்பரமாகத் தோன்றக்கூடும். நம்மவரிற் பலர் குடியேறி வாழும் நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் இதனை ஆடம்பரம் என்று எவரும் சொல்லார்.

காரணம் காற்று. வெப்பமானி 0 பாகை செல்சியசு காட்டும்போது மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, வெறுந்தோலின்மீது ஏறக்குறைய மறை 11 பாகைக்கு ஒப்பான குளிரை உண்டாக்கும். வண்டி அவ்வேகத்தில் ஓடினால் அமைதியான காற்றும் அவ்வாறே தாக்கும். உடலின் நடுப்பகுதி குளிர்ந்தவுடன், அங்குள்ள சூட்டைக் காக்கும் பொருட்டுக் கைகால்களுக்குச் செல்லும் குருதியை உடல் தானே குறைத்துவிடுகின்றது. விரல்கள் மரக்கின்றன. மரத்த விரல்களாலேயே தடுப்பையும் பிடிக்க வேண்டும், கிளச்சையும் பிடிக்க வேண்டும். ஆகவே சூடேற்றும் உடை உயிர்காப்புக்குரிய கருவிகளுள் ஒன்று என்றே நான் கருதுகின்றேன்.

இவ்வுடையின் மூதாதையர் ஆகாய விமானங்களில் இருந்தனர். இரண்டாம் உலகப் போரிலே மிக உயரத்திற் பறந்த குண்டுவீச்சு விமானங்களின் சுடுநர்கள் மின்னுடை அணிந்தே காவல் இருந்தனர். அமெரிக்கர்களுடைய தொடக்ககால மின்னுடைகளில் உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்நிலையில் இணைக்கப்பட்டிருந்தமையால், ஒரு கையுறையிற் கம்பி அறுந்தாலும் உடை முழுவதுமே குளிர்ந்துபோயிற்று. பின்வந்த உடைகளைச் சமாந்தரமாக இணைத்து இக்குறையை நீக்கினர்.

சூட்டுக்கு விலை உண்டு. அந்த விலையை உவாற்றுக்களில் அளக்கலாம். பொதுவாக மேலங்கி ஒன்று 75 முதல் 90 உவாற்று வரையும், கையுறைச் சோடி 25 உவாற்று அளவும், காற்சட்டை 40 உவாற்றுக்கு மேலும், சூடேறும் கைப்பிடிகள் 30 உவாற்று அளவும் கொள்ளும். இனி வரவைப் பார்ப்போம். 1980களில் ஓடிய, காற்றாற் குளிரும் பி.எம்.டபிள்யூ. இரட்டை உருளை வண்டிகளின் மின்பிறப்பாக்கி 280 உவாற்று தரவல்லது. அதில் முகவிளக்கும் பின்விளக்கும் எரிபற்றலும் ஏறக்குறைய 130 உவாற்றை உண்டுவிடும். எஞ்சுவது 150. மேலங்கி, கையுறை, கைப்பிடி ஆகிய மூன்றையும் முழுச்சூட்டில் வைத்தால் 135 உவாற்று செலவாகும். கணக்குச் சரிக்குச் சரியாக முடிகின்றது. காற்சட்டையையும் கூட்டினாற் கடன்.

இக்கணக்கும் நெடுஞ்சாலைக்கே பொருந்தும். மின்பிறப்பாக்கி தன் முழு வலுவையும் எஞ்சின் விரைந்து சுழலும்போதுதான் தரும். நகரத்து விளக்குச் சந்தியிலே வண்டி மெதுவாக உறுமிக்கொண்டு நிற்கும்போது வரவு பாதிக்கும் கீழே வீழ்ந்துவிடுகின்றது. வரவு 100 உவாற்றாகவும் செலவு 265 உவாற்றாகவும் இருப்பின், குறையும் 165 உவாற்றை, அதாவது ஏறக்குறைய 13 அம்பியர் மின்னோட்டத்தை, மின்கலவடுக்கே கொடுக்க வேண்டும். 10 அம்பியர்மணி கொள்ளளவுள்ள சிறிய மின்கலவடுக்கு இச்சுமையை முக்கால் மணி நேரமும் தாங்காது. எஞ்சினை மீளத் தொடக்கும் வலு அதற்கு முன்னரே போய்விடும்.

குளிரும் தன் பங்குக்கு வஞ்சிக்கின்றது. மறை 18 பாகையில் ஈய அமில மின்கலவடுக்கு ஏறக்குறைய அரைவாசி வலுவையே தரும். அதே வேளையில் எண்ணெய் தடித்து, எஞ்சினைச் சுழற்றுவதற்கு வேண்டிய விசை கூடுகின்றது. முழுதும் மின்னேற்றிய மின்கலவடுக்கிலுள்ள அமிலம் மறை 50 பாகையிலும் உறையாது. மின்னிறங்கியதோ மறை 10 பாகை அளவிலேயே உறைந்து, பெட்டியை வெடிக்கச் செய்யவும் கூடும். இக்காலத்து வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் காலால் உதைத்துத் தொடக்கும் நெம்புகோலும் இல்லை. இரவிலே காட்டுப் பாதையில் எஞ்சின் நின்று, மீளத் தொடக்க மின்சாரமும் இல்லையாயின், உடலைச் சூடாக வைத்திருந்த உடையும் அத்துடன் வெறுந்துணியாகிவிடும். உதவி வரும்வரை அந்த மனிதன் என் செய்வான்?

ஆதலாலேயே கைப்பிடியின் அருகில் ஒரு சிறிய வோல்ற்றுமானியைப் பொருத்த வேண்டும் என்கின்றோம். எஞ்சின் ஓடும்போது அது 13.8 முதல் 14.4 வரை காட்டுமாயின் மின்கலவடுக்கு மின்னேறிக்கொண்டிருக்கின்றது, கவலை வேண்டாம். 13.2 அளவுக்கு இறங்கினால் வரவும் செலவும் நெருங்கிவிட்டன என்பது பொருள். 12.8க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால், மின்கலவடுக்கு தன் முதலை எடுத்துச் செலவிடுகின்றது. சந்தியில் இரண்டு நிமிடம் அவ்வாறு இறங்கி, வண்டி புறப்பட்டதும் ஏறிவிடுமாயின் அது பிழையன்று. நெடுஞ்சாலை வேகத்திலும் ஏறாவிடின் உடனே சுமையைக் குறைக்க வேண்டும். எதிர்ப்புறத்திலும் ஆபத்து உண்டு. 15 வோல்ற்றுக்கு மேலே காட்டினால் ஒழுங்காக்கி பழுதுபட்டது என்று கொள்க. அது மின்கலவடுக்கைக் கொதிக்க வைத்துக் கெடுத்துவிடும்.

எஞ்சின் ஓய்ந்திருக்கும்போது எடுக்கும் அளவுக்குக் கணக்கு வேறு. வண்டியை நிறுத்திய கையோடு பார்த்தால் மானி பொய்யாக உயர்ந்து காட்டும். சில மணி நேரம் ஆறவிட்டுப் பார்க்க வேண்டும். அப்போது 12.7 வோல்ற்று நிறைவையும், 12.2 ஏறக்குறையப் பாதியையும், 12.0 காற்பங்கையும் குறிக்கும். இலிதியம் இரும்புப் பொசுபேற்று மின்கலவடுக்கு வைத்திருப்போர் இந்த அளவுகோலை மறந்துவிட வேண்டும். அது 13.3 அளவில் நெடுநேரம் அசையாது நின்று, 12.8க்கு வரும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே எஞ்சியிருக்கும்.

மானியை எங்கே இணைப்பது என்பதிலேதான் பலர் இடறுகின்றனர். உடைக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பியின் முனையில் அதனை இணைத்தல் ஆகாது. அக்கம்பியிலும் இணைப்பிகளிலும் 0.1 ஓம் தடை இருப்பினும், 10 அம்பியர் ஓடும்போது 1 வோல்ற்று அங்கேயே வீழ்ந்துவிடும். மின்கலவடுக்கு நலமாக இருக்கவும் மானி அபாயம் காட்டும். ஓட்டி வீணாக அஞ்சி உடையை நிறுத்தி நடுங்குவான். எனவே மானிக்கென்று தனியாக இரு மெல்லிய கம்பிகளை மின்கலவடுக்கின் முனைகளுக்கே கொண்டுசென்று, நேர்முனைக்கு அருகில் சிறிய உருகி ஒன்றையும், எரிபற்றல் ஆளியாற் கட்டுப்படும் ரிலே ஒன்றையும் வைத்தல் நன்று. ரிலே இல்லையேல், வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் மானியே மெல்ல மெல்ல மின்சாரத்தை உறிஞ்சிவிடும். காவற்காரனே களஞ்சியத்தை உண்டதாகிவிடும்! உடையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்துவதால் மானியின் எண் சிறிது துள்ளும். அத்துள்ளலைப் பொருட்படுத்தாது, இடையிலே தங்கும் அளவைப் பார்த்தாற் போதும்.

சுமையைக் குறைக்கும் வேளையில் எதனை முதலில் நிறுத்துவது என்பதில் ஓட்டிகளிடையே கருத்து வேற்றுமை உண்டு. விரல் குளிர்கின்றதே என்று கையுறையை வைத்துக்கொண்டு மேலங்கியை நிறுத்துவோர் பலர். நான் அதற்கு உடன்படேன். மார்பும் வயிறும் சூடாக இருந்தாற் குருதி தானே விரலை நாடி ஓடும். முதலிற் காற்சட்டையை நிறுத்துக. சூடான கையுறை அணிந்திருப்போர் அடுத்துக் கைப்பிடிகளை நிறுத்துக. மேலங்கியைக் குறைந்த சூட்டிலேனும் இறுதிவரை வைத்திருக்க. முகவிளக்கை ஒளியுமிழும் இருவாய் விளக்காக மாற்றினால் 30 உவாற்றுக்கு மேல் மிச்சமாகும். ஆயினும் அவ்வாறு தாமே மாற்றுவதைச் சில நாடுகளின் சட்டம் அனுமதிப்பதில்லை. விசாரித்தே செய்தல் வேண்டும்.

எஞ்சினைத் தொடக்குமுன் உடையின் ஆளி மூடியிருத்தல் வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கி, மானி 13.8ஐக் கடந்த பின்னரே ஒவ்வொன்றாகத் திறக்கலாம். ஊர் எல்லையை அடைந்து வேகம் குறையும்போதே ஆளியை மூடிவிட்டால், எஞ்சியுள்ள தூரத்திலே மின்கலவடுக்கு தான் இழந்ததிற் சிறிதளவேனும் மீட்டுக்கொள்ளும். வண்டியிலிருந்து இறங்குமுன் உடையின் இணைப்பியைக் கழற்ற மறவாதீர்கள். மறந்து இறங்கி, கம்பியோடு கட்டுண்டு, கட்டிய கன்றுபோல இழுபட்டு நிற்போரைக் குளிர்நாட்டு எரிபொருள் நிலையங்களிலே காணலாம்.